ரிப்ளை அக்கா தேடுகிறார்

என்டர் கட்டையை அவர் ஒருமுறை தட்டிவிட்டுச் சும்மா இருப்பதில்லை. தட்டுவார், பொறுக்காது, மறுபடி தட்டுவார். பிறகு யார் மேலோ இருக்கும் கோபத்தையெல்லாம் சேர்த்து ஓங்கி ஒரு தட்டு. திரையில் சின்ன வட்டம் ஒன்று சுற்றத் தொடங்கும். அது சுற்றுகிற வரை மேசைக்கு அடியில் அவருடைய வலது கால் ஆடிக்கொண்டே இருக்கும். கால் ஆடினால் மேசை ஆடும். மேசை ஆடினால் எதிரே உட்கார்ந்திருக்கும் கணக்கரின் தேநீர்க் கோப்பை ஆடும். கணக்கர் கோப்பையைக் கையில் எடுத்துக்கொண்டு கேட்பார்:

"என்னக்கா, இன்னைக்கு எதைக் காணோம்?"

"காணாமல்லாம் போகல. இருக்கு. இந்தச் சனியன் காட்ட மாட்டேங்குது."

லிஃப்ட் பராமரிக்கும் ஒரு சிறிய நிறுவனத்தின் முன்னறை அது. சுவரில் ஆணி ஆணியாகச் சாவிகள் தொங்கும்; ஒவ்வொன்றும் ஏதோ ஒரு கட்டடத்தின் மொட்டைமாடி இயந்திர அறைக்கு உரியது. மூலையில் ஆயில் கறை படிந்த அட்டைப் பெட்டிகள். வாசலைப் பார்த்தபடி அக்காவின் மேசை. லிஃப்ட் நின்றுவிட்டது என்று அழைப்பு வந்தால் எடுப்பவர் அவர், மெக்கானிக்கை அனுப்புபவர் அவர், கட்டடத்துக்காரர்களுக்கு மின்னஞ்சல் எழுதுபவரும் அவரே. வயதில் மூத்தவர்களும் அவரை அக்கா என்றுதான் கூப்பிடுகிறார்கள். முதுகுக்குப் பின்னால் 'ரிப்ளை அக்கா'. கணக்கர் வைத்த பெயர். அது அக்காவுக்கும் தெரியும். வைத்தவர் யாரென்றும் தெரியும். அதனால்தான் கோப்பை சில நாள் கொஞ்சம் அதிகமாகவே ஆடுகிறது.

பெயருக்குக் காரணம் உண்டு. அக்கா புதிதாக ஒரு மின்னஞ்சல் எழுதிப் பல வருடமாகிறது. யாருக்கு எழுத வேண்டுமோ அவர் முன்பு எப்போதோ அனுப்பிய ஒன்றைத் தேடிப் பிடிப்பார். அதைத் திறந்து, 'பதில்' என்ற பொத்தானை அழுத்தி, சொல்ல வேண்டியதை அதிலேயே எழுதி அனுப்பிவிடுவார். தலைப்பில் என்ன இருந்தாலும் அவருக்குக் கவலையில்லை. 'இரங்கல் செய்தி' என்ற தலைப்பின் கீழ் ஒரு வங்கிக்காரருக்கு லிஃப்ட் கயிறு மாற்றும் தேதி போயிருக்கிறது. 'வாகன நிறுத்தம் தொடர்பாக' என்ற தலைப்பில் ஒரு மருத்துவமனையோடு இரண்டு வருடமாக மின்விளக்கு, மணி, கண்ணாடி என்று எல்லாக் கதையும் ஓடிக்கொண்டிருக்கிறது.

கேலி செய்வது சுலபம். சூடு கண்ட பூனை அவர். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு கட்டடத்துச் செயலாளரைப் பற்றி முதலாளிக்கு நாலு வரி எழுதினார். 'இந்த மனுஷனோடு மாரடிக்க என்னால் ஆகாது' என்பது அதில் ஒரு வரி. முகவரியின் முதல் எழுத்தை அடித்ததும் கணினி தானாகவே ஒரு பெயரை நீட்டியது. அக்கா என்டரைத் தட்டிவிட்டார். கடிதம் நேராக அந்த மனுஷனுக்கே போய்ச் சேர்ந்தது. முதலாளி நேரில் போய் மன்னிப்புக் கேட்டும் அந்தக் கட்டடம் கை நழுவியது. அன்றிலிருந்து அக்காவுக்கு ஒரே வேதம்தான்: "அவரு அனுப்புனதுக்கே பதில் போட்டா அவருக்குத்தானே போகும்? போன வழியிலேயே போனா வழி தவறுமா?"

கணினியைப் பழுது பார்க்க வருபவர் எத்தனையோ முறை சொல்லிவிட்டார். "அக்கா, புதுசா ஒண்ணு திறங்க. தலைப்புப் போடுங்க. அப்பதான் பின்னாடி தேடினா கிடைக்கும்." அவர் இருக்கும்வரை அக்கா பவ்யமாகத் தலையாட்டுவார். அவர் படியிறங்கியதும் பழைய குருடி கதவைத் திறடிதான்.

விஷயம் என்னவென்றால், அக்காவின் ஞாபகசக்தி சாதாரணமானதில்லை. ஆனால் அது நினைவு வைத்துக்கொள்ளும் விதம் வேறு. ஒரு பொருளை அவர் பெயரால் நினைவு வைப்பதில்லை. அதைச் சுற்றி நடந்ததால் நினைவு வைப்பார். வீட்டில், "உங்க அண்ணி கோவிச்சுக்கிட்டுப் போன அன்னைக்கு வாங்கினோமே, அது எங்க?" என்று கேட்டால் போதும். கணவர் செய்தித்தாளிலிருந்து தலையை எடுக்காமலே, "பரண் மேல, இடது பக்கம்" என்பார். இருபது வருடம் கூட வாழ்ந்த மனிதர், அவருக்குப் புரிகிறது. கணினி அக்காவோடு வாழவில்லை. அதற்கு அண்ணியும் தெரியாது, கோபமும் தெரியாது. சொல்லைச் சொல், கொடுக்கிறேன் என்று கட்டத்துக்குள் ஒரு கோடு சிமிட்டிக்கொண்டு நிற்கும்.

இன்று காலையில் அந்தக் கோட்டின் முன்னால் ஒரு மனிதரின் வேலை நின்றது.

ஏழு மாடிக் கட்டடம் ஒன்று. அங்கே லிஃப்ட் கதவு ஒவ்வொரு மாடியிலும் வழக்கத்தைவிடக் கொஞ்சம் அதிக நேரம் திறந்திருக்கும். புதிதாக வந்த செயலாளருக்கு அது பொறுக்கவில்லை. போன வாரம் கதவின் மோட்டாரும் புகைந்துவிட்டது. "யாரைக் கேட்டு அந்த நேரத்தை மாத்தினீங்க? இஷ்டத்துக்குக் கை வச்ச ஆளை வேலையை விட்டு அனுப்புங்க, இல்லேன்னா நாங்க வேற கம்பெனியைப் பார்த்துக்கறோம்" என்று முதலாளியிடம் குதித்துவிட்டார். மாற்றியது மூத்த மெக்கானிக். அதிகம் பேசத் தெரியாதவர். முதலாளி கேட்டதற்கு ஒரே வரிதான் சொன்னார்:

"அக்கா படிச்சுச் சொன்னாங்க, செஞ்சேன்."

அக்கா படித்துச் சொன்னது உண்மை. முன்பிருந்த செயலாளர், மூன்றாம் மாடியில் ஒருவர் கால் அறுவை முடிந்து கோலூன்றி வருகிறார், அவர் நுழைவதற்குள் கதவு தோளில் இடிக்கிறது, திறந்திருக்கும் நேரத்தைக் கூட்டுங்கள் என்று எழுதியிருந்தார். அந்தச் செயலாளர் இப்போது வேறு தேசத்தில் மகள் வீட்டில். அவருடைய பழைய எண்ணில் மணி அடிக்கிறது, எடுக்க ஆளில்லை.

"நான் பகல்ல அந்தச் செயலாளரைப் பார்க்கப் போறேன். அதுக்குள்ள அந்த மெயிலைக் காட்டுங்கம்மா. இல்லேன்னா என்னால ஒண்ணும் பண்ண முடியாது" என்று சொல்லிவிட்டு முதலாளி போய்விட்டார்.

மெக்கானிக் கருவிப் பையைத் தோளிலிருந்து இறக்காமல் வாசல் ஓரம் நின்றார். அவர் பிழை செய்திருந்தால்கூட அக்காவுக்கு இவ்வளவு பதறியிருக்காது. தன் வாய் வார்த்தையை நம்பிச் செய்தவர் என்பதுதான் நெஞ்சில் முள்ளாகக் குத்தியது.

"உக்காருங்கண்ணே."

"இருக்கட்டும்."

அக்கா 'கதவு' என்று அடித்தார். மூன்று தட்டு. லிஃப்ட் நிறுவனத்தில் கதவு என்று தேடினால் என்ன ஆகும்? மடை திறந்ததுபோல் கொட்டியது. "உலகத்துல ஒருத்தர் பாக்கியில்லாம எல்லாரும் கதவைப் பத்தியே எழுதியிருக்காங்க!" ஒன்றைத் திறந்து பார்த்தார், அது இல்லை, திரும்பி வந்தால் தேடிய பட்டியலே காணாமல் போயிருந்தது. மறுபடி அடித்தார். பழைய செயலாளரின் பெயரைப் போட்டார், ஒன்றும் வரவில்லை. அந்த மனிதருக்கென்று சொந்தமாக முகவரி கிடையாது, வீட்டில் யாருடையதிலிருந்தோ எழுதுவார். யாருடையது என்று யார் கண்டது? கட்டடத்தின் பெயரைப் போட்டார். இந்த வருடத்துக் கடிதங்கள் மட்டும் வந்தன. அடியில் பொடி எழுத்தில் 'மேலும் முடிவுகள்' என்றிருந்ததை அழுத்தினார். வட்டம் சுற்றியது. திரை முழுவதும் வெளிறியது. 'பதிலளிக்கவில்லை' என்று மேலே எழுதிக் காட்டியது.

"பதில் போடறதுக்குன்னே வாங்கி வச்சது. அதுவே பதில் சொல்லலைன்னா நான் யார்கிட்ட போய்ச் சொல்ல?"

கணக்கர் சிரிக்கவில்லை. கோப்பையை எடுத்து ஜன்னலில் வைத்துவிட்டு, ஆடுகிற மேசைக்கு அடியில் ஓர் அட்டையை மடித்துச் சொருகினார்.

அக்காவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. எழுந்துபோய்க் குவளையில் தண்ணீர் பிடித்தார், குடிக்காமல் வைத்தார். கூந்தல் கிளிப்பைக் கழற்றினார், அதே இடத்தில் மாட்டினார். தேதி வாரியாகத் தள்ளிப் பார்க்கலாம் என்று உட்கார்ந்து சக்கரத்தை உருட்டினார். மாதம் மாதமாகப் பின்னால் போய், அந்தக் கடிதம் வந்த மழைக்காலத்தை எட்டப் போகிற சமயத்தில் புதிதாக ஒரு மின்னஞ்சல் வந்து விழுந்தது. பட்டியல் ஒரே தாவலில் உச்சிக்கு ஓடிவிட்டது. வந்தது செருப்பு விளம்பரம். அதை அனுப்பியவனுடைய ஏழு தலைமுறையையும் அக்கா விசாரித்தார்.

கடைசியில் கணினிக்காரரை அழைத்தார்.

"தலைப்பு என்னன்னு தெரியுமாக்கா?"

"தெரிஞ்சா உங்களை ஏன் கூப்பிடறேன்?"

"சரி, அதுல வர்ற ஏதாவது ஒரு வார்த்தை? அபூர்வமான வார்த்தையா இருந்தா நல்லது. வேற என்ன ஞாபகம் இருக்கு?"

"எல்லாமே ஞாபகம் இருக்கு. அன்னைக்கு நல்ல மழை. மெக்கானிக் அண்ணன் தொப்பலா நனைஞ்சு இதோ இதே இடத்துல நின்னாரு. என் சாப்பாட்டு டப்பா மூடி திறக்க வரல..."

"அதெல்லாம் மெயில்ல இருக்காதேக்கா" என்றார் கணினிக்காரர், பாவம், மரியாதையாகவே.

அக்கா தலையில் கை வைத்துக்கொண்டார். கண் கலங்கிவிட்டது. இத்தனை தெளிவாக நினைவிருந்தும் உதவாத நினைவு எதற்கு என்று ஆத்திரம் வந்தது.

"அந்த மூடியை நான்தான் திருப்புளியால நெம்பிக் குடுத்தேன்" என்றார் மெக்கானிக் வாசலிலிருந்து. இன்று காலையிலிருந்து அவராக வாய் திறந்தது இப்போதுதான். "நீங்க சாப்பிடக்கூட இல்ல. அதைப் படிச்சுட்டு விழுந்து விழுந்து சிரிச்சீங்க."

"சிரிச்சேனா? எதுக்கு?"

"சேதி சாதாரணமாத்தான் இருந்தது. மேல என்னமோ எழுதியிருந்ததுன்னு சொன்னீங்க. லிஃப்ட் கம்பெனிக்கே நடக்கச் சொல்லி அனுப்பியிருக்காரு பாருங்கன்னு..."

அக்காவின் கால் ஆட்டம் நின்றது. கட்டத்தில் 'நடை' என்று அடித்தார். என்டரை ஒரே ஒரு முறை தட்டினார்.

'காலை நடையின் பத்துப் பயன்கள்.'

பழைய செயலாளர் எப்போதோ ஊருக்கெல்லாம் அனுப்பிவைத்த ஆரோக்கியக் குறிப்பு. அதற்குக் கீழே சங்கிலித் தொடராக அந்தக் கட்டடத்தின் முழு வரலாறும் இருந்தது. லிஃப்ட் குழியில் தண்ணீர், மணி ஒலிக்கவில்லை, விளக்கு மாற்றியாயிற்று, நன்றி. நடுவில் அந்தக் கடிதம்.

"எந்தப் புத்திசாலி இதையெல்லாம் கொண்டுபோய் இதுக்குக் கீழே..." என்று ஆரம்பித்த அக்கா பாதியில் நிறுத்திக்கொண்டார். கணக்கர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார், தோள் குலுங்கியது.

அக்கா உரக்கப் படித்தார். "கதவு திறந்திருக்கும் நேரத்தைக் கூட்டிவிடுங்கள். உங்கள் மெக்கானிக்கிடம் என் பெயரைச் சொல்லியே செய்யச் சொல்லுங்கள். யாராவது கேட்டால் பொறுப்பு என்னுடையது." கடைசி வரியை இரண்டு முறை படித்தார். மெக்கானிக் பையைத் தோளிலிருந்து இறக்கி, சுவரோரம் வைத்து, வந்தவர்கள் உட்காரும் நாற்காலியில் உட்கார்ந்தார்.

அந்த நேரம் பார்த்து முதலாளியின் அழைப்பு. "கிடைச்சுதா? நல்லதாப் போச்சு. உடனே எனக்கு அனுப்புங்கம்மா, செயலாளர் எதிர்லதான் உக்காந்திருக்காரு. எடுத்துக் காட்டிடறேன்."

இன்னொரு தொலைபேசியில் கணினிக்காரர் இன்னும் வைக்கவில்லை. "அக்கா, இந்த ஒரு தடவையாவது நான் சொல்றதைக் கேளுங்க. புதுசா ஒண்ணு திறந்து, கட்டடத்தோட பேரைத் தலைப்பாப் போட்டு அனுப்புங்க. இல்லேன்னா அடுத்த மாசம் இதையே தேடிக்கிட்டு என்னைக் கூப்பிடுவீங்க."

"சரிங்க சரிங்க. உங்க வார்த்தையை என்னைக்குத் தட்டியிருக்கேன்?"

உண்மையிலேயே புதிது ஒன்றைத் திறந்தார். வெள்ளையாக ஒரு பக்கம் விரிந்தது. முதலாளியின் முகவரிக்கு முதல் எழுத்தை அடித்தார். கீழே நாலு பெயர்கள் வரிசையாக வந்து, நானா, நானா என்று நின்றன. விரல் என்டருக்கு மேலேயே நின்றது. நாற்காலியில் உட்கார்ந்திருந்தவரை ஒரு முறை திரும்பிப் பார்த்தார். அவர் கைகளை முழங்கால் மேல் வைத்துக்கொண்டு திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அக்கா வெள்ளைப் பக்கத்தை மூடினார். முதலாளி போன கோடையில் எழுதிய 'என் அறை மின்விசிறி சத்தம் போடுகிறது' என்ற கடிதத்தைத் தேடி எடுத்தார், மெக்கானிக்கைக் காப்பாற்றும் கடிதத்தை அதோடு இணைத்தார், கணினிக்காரருக்குக் கேட்காதபடி தொலைபேசியின் வாயைக் கையால் பொத்திக்கொண்டு 'பதில்' என்று அனுப்பினார்.