நான் போடாத கையெழுத்து

எங்கள் மலையில் பெண் எடுக்கிறவர்கள்தான் பெண் வீட்டுக்குப் பரியப் பணம் கொடுப்பார்கள். என் அம்மாவுக்கும் அண்ணிக்கும் அப்படித்தான் கல்யாணம் நடந்தது. எனக்கு அமைந்த மாப்பிள்ளை ஒடுகத்தூர்க்காரர். அங்கே அவர் அப்பாவுக்குப் புளி மண்டி இருந்தது. எங்கள் ஊர்ப் புளி முழுக்க அந்த மண்டிக்குத்தான் போகும். புளி எடுக்க வேனில் மேலே வந்து போனவர், என்னைப் பிடித்துப்போய் வீட்டில் பேசிப் பெண் கேட்டு வந்தார். அவருடைய அம்மா அரை மனதோடுதான் சம்மதித்தார். நகையும் பாத்திரமும் கேட்டார்கள். அப்பா இல்லாத வீடு எங்களுடையது. அண்ணன் கடன் வாங்கிச் செய்தான். தையல் படித்திருந்தேன் என்பதால் ஒரு தையல் மிஷினும் வாங்கிக் கொடுத்தான்.

மகள் பிறந்து தவழத் தொடங்கியபோது, மண்டிக்குப் புது வேன் வேண்டும் என்று பேச்சு வந்தது. வாங்கித் தர வேண்டியது என் அண்ணன். முதலில் ஜாடையாகச் சொன்னார்கள். அப்புறம் நேராகவே கேட்டார்கள்.

"மலைக்காரிய எடுத்தோம்னு ஊரே சிரிக்குது. உங்கண்ணன் ஒரு வண்டி எடுத்துக் குடுத்தா இன்னா கொறைஞ்சிடுவான்?" என்பார் மாமியார். நான் பதில் சொல்லாவிட்டால் அன்றைக்கு என்னைச் சாப்பிடக் கூப்பிட மாட்டார்கள். என் கணவர் முதலில் பேசாமல் இருந்தார், பிறகு அம்மா பக்கம் பேசினார், பிறகு கை நீட்டினார். ஒரு நாள் காலையில் என்னையும் குழந்தையையும் மலை பஸ்ஸில் ஏற்றிவிட்டு, "வேன் இல்லாம கீழ எறங்காத" என்றார். பஸ்ஸில் இருந்தவர்கள் எல்லோருக்கும் அது கேட்டது.

அண்ணன் வேன் வாங்கித் தரப் போவதில்லை, அவனால் முடியாது. நான் சும்மா உட்காராமல் சாமைக் காட்டுக்கு அண்ணியோடு வேலைக்குப் போனேன். இரண்டு மாதத்துக்கு மேல் கீழே இருந்து யாரும் வரவில்லை. பிறகு ஊர்ப் பெரியவர்கள் பஞ்சாயத்து வைத்தார்கள். மாமனாரும் என் கணவரும் வந்திருந்தார்கள். ஊருக்குத் தலைவரான ஊர்க்கவுண்டர் சுருக்கமாகவே பேசினார்.

"ரெண்டு பேருக்கும் ஒத்துப்போகல. பிரிஞ்சி இருக்கறதுன்னு ரெண்டு பேரும் மனசார ஒத்துக்கினாங்கன்னு எழுதிக்கலாம். நம்ம வழக்கத்துல இதுல ஒண்ணும் தப்பில்ல. பொண்ணு நாளைக்கு வேற கல்யாணம் பண்ணிக்கலாம்."

அவர் சொன்னது பொய் இல்லை. எங்கள் பக்கத்தில் அப்படித் தீர்த்துக்கொண்டு வாழ்கிறவர்கள் இருக்கிறார்கள். புளிச் சீசன் வரப்போகிறது, மண்டியோடு சண்டை வேண்டாம் என்பதும் அங்கே இருந்த எல்லோர் மனதிலும் இருந்தது. எழுதிய தாளை என் முன்னால் வைத்தார்கள். படித்தேன். ஒத்துக்கொண்டேன் என்ற வார்த்தை என்னைத் தடுத்தது. நான் எதற்கும் ஒத்துக்கொள்ளவில்லையே.

"நான் மனசார வரலிங்க. அனுப்பிட்டாங்க. அத எழுதுங்க, கையெழுத்து போடறேன்" என்றேன்.

மாமனார் துண்டை உதறி எழுந்துவிட்டார். அண்ணன் வீட்டுக்கு வந்ததும் கத்தினான். "ஊர எதுத்துக்கினு இன்னா பண்ணப் போற?" அண்ணிதான் குறுக்கே வந்தாள். "அவ பொய்க்குக் கையெழுத்து போடல. அதுக்கு ஏன் கத்தற? நாளைக்கு நான் கூடப் போறேன் ஸ்டேஷனுக்கு." கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அண்ணி அவனை எதிர்த்துப் பேசி நான் கேட்டது அன்றுதான்.

மகளிர் காவல் நிலையத்தில் மனுவை வாங்கி ரசீது கொடுத்தார்கள். என்னையும் கணவரையும் கூப்பிட்டுப் பேசிப் பார்த்தார்கள். வரதட்சணை கேட்டுக் கொடுமை செய்தார்கள் என்று வழக்குப் பதிவு செய்யலாம், கைதுகூட ஆகலாம் என்று அங்கே இருந்த இன்ஸ்பெக்டர் அம்மா சொன்னார். எனக்கு என் கணவரை ஜெயிலில் பார்க்கும் ஆசை இல்லை. பிள்ளைக்குச் சோறும் எனக்கு என் பொருட்களும் வேண்டும் என்றேன். "அதுக்கு வேற வழி கீதும்மா" என்று, மாவட்ட சமூக நல அலுவலகத்தில் இருக்கும் பாதுகாப்பு அலுவலரிடம் அனுப்பினார். அவர் எங்களைக் கோர்ட் வளாகத்திலேயே இருக்கும் இலவச சட்ட உதவி மையத்துக்கு அனுப்பினார். பெண் என்றால் வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல் வக்கீல் வைத்துத் தருவார்களாம். அதுவரை எனக்கு அது தெரியாது.

எனக்குக் கிடைத்த வக்கீல் என்னைவிடச் சின்னப் பெண். பஞ்சாயத்து கதையைச் சொன்னதும் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

"நல்லவேளை, கையெழுத்து போடலக்கா. ரெண்டு பேரும் ஒத்துக்கிட்டுப் பிரிஞ்சி இருக்கறதா ஆயிட்டா ஜீவனாம்சம் கிடையாதுன்னு சட்டத்துலயே இருக்கு. அதத்தான் அவங்க மொதல்ல நீட்டியிருப்பாங்க."

அண்ணனுக்கு வேறு பயம். "குடுத்தவனும் குத்தவாளின்னு சொல்றாங்களே மேடம். நகை போட்டது நான்தான்." பாதிக்கப்பட்டவர்கள் தங்களுக்கு நடந்ததைச் சொன்னால் அதை வைத்து அவர்கள் மேலேயே வழக்குப் போட முடியாது என்று அவர் விளக்கினார். அதற்குப் பிறகுதான் அண்ணன் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தான்.

இரண்டு மனுக்கள் போட்டோம். ஒன்று குடும்ப வன்முறைச் சட்டத்தில்: என்னைத் தொந்தரவு செய்யக் கூடாது, என் பொருட்களைத் திருப்பித் தர வேண்டும் என்று. இன்னொன்று எனக்கும் மகளுக்கும் ஜீவனாம்சம். இது எந்தச் சாதி, எந்த மதத்துக்கும் பொருந்தும். புகுந்த வீட்டு ஊரில்தான் போட வேண்டும் என்பதும் இல்லை, நான் இருக்கும் இடத்துக்குரிய கோர்ட்டிலேயே போடலாம்.

வாய்தாவுக்குப் போவதுதான் பெரிய பாடு. விடியலில் வரும் பஸ்ஸை விட்டால் அன்றைக்கு வேலை நடக்காது. பல நாள் தேதி மட்டும் மாற்றிக் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். மகள் கோர்ட் வராந்தாவில் நடக்கப் பழகினாள்.

விசாரணையில் அவர் தரப்பு, மண்டி அப்பா பெயரில் இருக்கிறது, இவருக்கு வருமானம் இல்லை என்றது. பிறகு அவருடைய வக்கீல் என்னிடம் கேட்டார்.

"உங்களுக்குத் தையல் தெரியுமா?"

"தெரியுங்க."

"அப்ப தச்சு சம்பாதிக்கலாமே?"

"மிஷின் அவங்க வூட்ல கீதுங்க. கேட்டேன், தரல."

மாஜிஸ்திரேட் எழுதிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார். கோர்ட்டில் யாரோ சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கேட்டதற்குத்தான் பதில் சொன்னேன்.

வழக்கு முடியும்வரை மாதாமாதம் இடைக்கால ஜீவனாம்சம் கொடுக்கவும், என் பொருட்களை ஒப்படைக்கவும் உத்தரவு வந்தது. பாதுகாப்பு அலுவலரோடும் ஒரு பெண் காவலரோடும், அண்ணியையும் கூட்டிக்கொண்டு அந்த வீட்டுக்குப் போனேன். மாமியார் வாசலிலேயே நின்றார். நகை, பாத்திரம், கட்டில் என்று ஒவ்வொன்றாக வெளியே வந்தன. மிஷினைத் தூக்க நானும் அண்ணியும் திணறினோம். என் கணவர் வந்து ஒரு பக்கம் பிடித்து லோடு ஆட்டோவில் ஏற்றிவிட்டு, "பொண்ணு நல்லா கீதா?" என்று மெதுவாகக் கேட்டார். "நல்லா கீறா" என்றேன். அவர் அம்மா உள்ளேயிருந்து கூப்பிட்டதும் போய்விட்டார். எனக்கு அவர் மேல் கோபம் வரும் என்று நினைத்திருந்தேன். அந்தச் சமயத்தில் அது வரவில்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது.

பணம் தானாக வந்துவிடவில்லை. கொஞ்ச நாள் கொடுத்தார், நிறுத்தினார். பாக்கிக்கு மறுபடி மனு போட்டு, வாரண்ட் என்றதும் அவர் அப்பா வந்து கட்டினார். அன்றிலிருந்து வங்கிக் கணக்குக்கு வருகிறது. சில மாதம் தாமதமாக.

இப்போது நான் ஒடுகத்தூரிலேயே ஒரு ரூம் எடுத்து இருக்கிறேன். மகளின் பள்ளிக்கூடத்துக்காகத்தான். தையலில் வாடகைக்குத் தேறுகிறது. மண்டி இரண்டு தெரு தள்ளி. எதிரில் பார்த்தால் அவர் வண்டியை மெதுவாக்குவார், நான் நிற்பதில்லை. மலையில் எங்கள் ஊர்ப் புளியை இப்போது வேறு மண்டிக்குப் போடுகிறார்கள். ஊர்க்கவுண்டர் அண்ணனிடம் இன்னும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. ஆனால் போன மாதம் அவர் மருமகள் ஜாக்கெட் தைக்கக் கொடுக்க வந்தவள், துணியைக் கொடுத்த பிறகும் எழுந்திருக்காமல் உட்கார்ந்திருந்தாள். நான் கதவைச் சாத்திவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தேன்.