பூஜை அலமாரியில் வாழை மருந்து

துவாக்குடியில் நான் வேலை பார்க்கும் கம்பெனி சின்னது. ஒரு ஷெட், இரண்டு பெரிய எஃகுக் கலன்கள், ஒரு லேப், வாசலில் லாரி திரும்ப முடியாமல் இடைஞ்சலாக ஒரு வேப்பமரம். அந்தக் கலன்களில் நாங்கள் வளர்ப்பது ஒரு பாக்டீரியா. அபூர்வமான பிறவி ஒன்றுமில்லை. மண்ணை எங்கே கிள்ளினாலும் இருக்கும். வைக்கோலைத் தண்ணீரில் போட்டுக் கொதிக்க வைத்து மூடி வைத்தால், மற்றதெல்லாம் செத்தபிறகு மேலே ஆடை கட்டி மிதக்கும். காலேஜில் எங்களுக்கு அதுதான் முதல் பிராக்டிகல். அதற்கான வைக்கோலை அண்ணன் வீட்டு மாட்டுக்கொட்டகையிலிருந்து ஒரு பாலிதீன் பையில் அடைத்துக் கொண்டுபோனேன்.

ஆள் ஒன்றுதான், போகிற இடத்துக்கு ஒரு வேஷம். அது வளரும்போது கக்கும் சாறு கஞ்சியைக் கரைக்கும். நெசவுக்காக நூலில் ஏற்றிய கஞ்சியைத் துணியிலிருந்து எடுக்க அந்தச் சாறு கேன் கேனாகக் கரூருக்குப் போகிறது. இன்னொரு சாறு ரத்தக் கறை, முட்டைக் கறை எல்லாவற்றையும் தின்னும். அது துணி சோப்புத் தூள் செய்கிறவர்களுக்கு. பாக்டீரியாவையே உலர்த்திப் பொடியாக்கினால் நாமக்கல் கோழிகளுக்குத் தீவனத்தோடு கலந்து போடுவார்கள். அதே பொடியை டால்க் மாவில் கலந்து பையில் அடைத்தால் வாழைக்கு. வேரைச் சுற்றிக் குடியேறிக்கொண்டு, வாடல் நோய்ப் பூஞ்சையை உள்ளே அண்டவிடாமல் மல்லுக்கு நிற்கும். ஆனால் அது முதலில் வந்து இடம் பிடித்திருக்க வேண்டும். பூஞ்சை தண்டுக்குள் நுழைந்தபிறகு இது வெளியே நின்று ஒன்றும் செய்ய முடியாது.

எங்கள் முதலாளி வியாபாரம் தெரிந்த மனிதர். பையில் சின்ன எழுத்தில் என்ன அச்சடித்திருந்தாலும், வாயால் என்ன சொல்லி விற்பது என்று அவரே முடிவு செய்வார். நான் சேர்ந்த புதிதில், நுண்ணுயிர் என்று சொல்ல வேண்டும் என்று அவரோடு மல்லுக்கட்டியிருக்கிறேன்.

"நுண்ணுயிர்னா கிருமியான்னு கேப்பாங்கம்மா. உரம்னா யூரியா விலையில குடுன்னு கேப்பாங்க. மருந்துன்னு சொல்லுங்க. மருந்துன்னா யாரும் மறு பேச்சு பேச மாட்டாங்க" என்றார்.

அவர் சொன்னது சரியாகவே இருந்தது. கடைக்காரர்கள் வாழை மருந்து என்றார்கள், விவசாயிகள் வாழை மருந்து என்றார்கள், கொஞ்ச நாளில் நானும் அப்படியே சொல்ல ஆரம்பித்துவிட்டேன். நாக்குக்கு அது சுலபமாக இருந்தது.

அண்ணனுக்கு ஸ்ரீரங்கத்துக்கு மேற்கே, காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவில் வாழைத் தோட்டம். ரஸ்தாளிதான் போடுவார். பூவன் போட்டால் கவலையில்லாமல் தூங்கலாம் என்று யார் சொன்னாலும் கேட்கமாட்டார். ரஸ்தாளியை வாயில் போட்டுக்கொண்டு பேசுங்கள் என்பார். நோய் என்று வந்தால் முதலில் விழுவது ரஸ்தாளிதான் என்பது அவருக்கும் தெரியும். அவருடைய பிடிவாதத்தில் பாதி எனக்கும் இருப்பதால் நான் அதில் தலையிட்டதில்லை.

அந்தத் தீபாவளிக்கு நான் போனபோது வீடு கல்யாணக் களையில் இருந்தது. அண்ணன் மகளுக்கு மாப்பிள்ளை முடிவாகியிருந்தது. பையனுக்குத் துபாயில் வேலை, வருகிற தையை விட்டு அதற்கடுத்த தையில்தான் லீவு. அண்ணன் அதற்குள் கணக்குப் போட்டுவிட்டார். இந்தக் கார்த்திகையில் கன்று நட்டால் அந்தத் தைக்குத் தார் வந்துவிடும்.

"தாம்பூலப் பையில நம்ம தோட்டத்து ரஸ்தாளிதான். கடைப் பழம் ஒண்ணு உள்ள வரக் கூடாது" என்றார்.

அண்ணி என்னைப் பார்த்துச் சிரித்தார். "பொண்ணு கல்யாணமா, பழக் கல்யாணமான்னு தெரியல. இதையேதான் காலையிலேர்ந்து சொல்றாரு."

பக்கத்துத் தோட்டத்தில் முந்தின போகம் வாடல் நோய் வந்திருந்தது. அதனால்தான் நான் எங்கள் பொடியில் ஐந்தாறு பைகளைச் சத்திரம் பஸ் ஸ்டாண்டிலிருந்து பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுபோனேன். என் கைப்பட வளர்த்த பொடி அது.

"அண்ணே, வாழைக்கு மருந்து கொண்டுவந்திருக்கேன். வாடல் நோய்க்கு. தொழு உரத்தோட கலந்து குழியில போடணும்."

அண்ணன் பையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது எங்கேர்ந்து எடுக்கிறது?"

"மண்ணுலேர்ந்துதான்."

"எங்க மண்ணை எடுத்து எங்களுக்கே பை போட்டுக் குடுக்கிறீங்களா? நல்ல தொழில்தான்."

அண்ணி என் துப்பட்டாவை முகர்ந்துவிட்டு, ஊசிப்போன சாம்பார் வாசனை இன்னும் போகவில்லை என்றார். அதுவும் உண்மைதான். பருப்பு ஊசிப்போய் நூல் விடுவதற்கும் இந்தப் பாக்டீரியாதான் காரணம் என்று சொன்னேன். அண்ணி உடனே பைகளைச் சமையலறைப் பக்கத்திலிருந்து நகர்த்தி வைத்தார். எல்லாரும் சிரித்தோம். பிறகு யாரோ வந்தார்கள், பலகாரம் எடுத்து வைத்தார்கள், எனக்குப் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது.

அன்றைக்கு நான் 'இப்பவே' என்று சொன்னேனா என்று பலமுறை யோசித்துப் பார்த்திருக்கிறேன். நடும்போதே, இப்பவே குழியில போட்டுடுங்க என்று சொல்லியிருக்க வேண்டும். சொன்ன மாதிரியும் இருக்கிறது, சொல்லாத மாதிரியும் இருக்கிறது. என் வேலையில் அது பேச்சே தேவைப்படாத விஷயம். லேப்பில் யாரும் யாருக்கும் அதைச் சொல்வதில்லை.

ஆடிப் பதினெட்டுக்கு மறுபடி போனேன். மரங்கள் ஆள் உயரம் தாண்டிப் பச்சைப்பசேலென்று நின்றன. அம்மா மண்டபப் படித்துறையில் கூட்டத்தில் இடிபட்டுவிட்டு வீட்டுக்கு வந்து விளக்கேற்ற உட்கார்ந்தபோது பூஜை அலமாரியில் எங்கள் பை ஒன்று இருந்தது. மூலைக்கு மூலை மஞ்சள், நடுவில் குங்குமம், பக்கத்தில் காய்ந்த செவ்வந்தி. எனக்குக் கண் கலங்கிவிட்டது. கம்பெனியில் பெரிய படிப்புப் படித்தவர்களெல்லாம் வந்து எங்கள் பொடியைப் பாராட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள். குங்குமம் வைத்தவர்கள் யாருமில்லை. மற்ற பைகளைக் குழியில் போட்டுவிட்டு ஒன்றை மட்டும் சாமிக்கு வைத்திருக்கிறார்கள் என்று நானாக நினைத்துக்கொண்டேன். நெற்றியில் திருநீறு பூசிக்கொண்டு எழுந்துவிட்டேன்.

ஆவணியில் அண்ணன் போன் செய்தார். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது.

"அடி இலையெல்லாம் மஞ்சளடிக்குது. பாத்த உடனே உன் மருந்தை எடுத்துப் போட்டுட்டோம். எத்தனை நாள்ல நிக்கும்?"

எனக்கு முதலில் புரியவில்லை. "எந்த மருந்துண்ணே?"

"நீ தீபாவளிக்குக் கொண்டுவந்தது. பரண்ல பத்திரமா வெச்சிருந்தேன். சாமி கிட்ட இருந்த ஒரு பையை மட்டும் அண்ணி எடுக்க விடல. மத்தது எல்லாம் போட்டாச்சு."

அன்றைக்கு லீவு சொல்லிவிட்டுப் போனேன். மஞ்சளான இலைகள் மடங்கித் தண்டைச் சுற்றிப் பாவாடை மாதிரி தொங்கிக்கொண்டிருந்தன. தண்டு அடியில் வெடித்திருந்தது. அண்ணன் ஒரு மரத்தைச் சாய்த்துக் கிழங்கைக் குறுக்கே வெட்டிக் காட்டினார். உள்ளே செம்பழுப்பாகக் கோடு கோடாக ஓடியிருந்தது. அதைப் பார்த்தபிறகு சொல்வதற்கு ஒன்றுமில்லை. ஆனாலும் எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வருமே, வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை.

"நடும்போதே போடறதுண்ணே அது. வரதுக்கு முன்னாடி போடணும். வந்தப்புறம் போட்டா என்ன பிரயோஜனம்? இத்தனை மாசமா பரண்லயா வெச்சிருந்தீங்க?"

அண்ணன் அரிவாளைத் துடைத்தார். என்னைத் திட்டியிருந்தால் தேவலையாக இருந்திருக்கும். அவர் நிஜமாகவே விளங்காமல் கேட்டார்.

"மருந்துன்னுதானே குடுத்த? காய்ச்சல் வராம யாராவது மாத்திரை போடுவாங்களா?"

அவர் தப்பாக ஒன்றும் செய்யவில்லை. தங்கை கொடுத்த மருந்தை வீணாக்காமல், எலி கடிக்காமல், ஈரம் படாமல், தேவைப்படும் நாளுக்கு என்று எடுத்து வைத்திருக்கிறார். தமிழ் தெரிந்த எந்த மனிதரும் மருந்தை அப்படித்தான் வைத்திருப்பார். நுண்ணுயிர் என்று சொல்லியிருந்தால், அது என்ன, எப்போது போடுவது என்று அவர் நூறு கேள்வி கேட்டிருப்பார். மருந்து என்றதும் எல்லாம் தெரிந்துவிட்டது.

ரஸ்தாளி பாதிக்கு மேல் போய்விட்டது. நின்ற மரங்களிலும் தார் சிறுத்துப் பழம் கல்லாக இருந்தது. தையில் கல்யாணம் நன்றாக நடந்தது. அண்ணன் விடியற்காலையில் காந்தி மார்க்கெட்டுக்குப் போய் ரஸ்தாளி வாங்கி வந்தார். அவரே சீப்பு சீப்பாகப் பிரித்துத் தாம்பூலப் பையில் போட்டார். மண்டபத்தில் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பிய ஒரு சொந்தக்காரர், பழம் உங்க தோட்டத்துதா என்று கேட்டார். அண்ணன், பாக்கு வெத்தலை எடுத்துக்குங்க என்று பையை நீட்டினார். நான் பக்கத்தில்தான் நின்றேன். அந்த இடத்தை விட்டு ஓடிவிடலாம் போலிருந்தது.

அந்தப் பூஞ்சை மண்ணில் வருடக்கணக்காகக் கிடக்கும். அண்ணனுக்கு அறுபது நெருங்குகிறது. அந்த நிலத்தில் அவர் கையால் இனி ரஸ்தாளி நடப்போவதில்லை என்று எனக்குத் தெரியும். அவரும் கேட்கவில்லை. பூவன் போட நிலத்தை உழுதுவிட்டார்.

கல்யாணக் களேபரமெல்லாம் அடங்கி, அண்ணி வீட்டை ஒழித்துச் சுத்தம் செய்தபோது அலமாரியிலிருந்த பையை எடுத்து என்னிடம் கொடுத்தார்.

"சாமி கிட்ட இருந்ததைக் குப்பையில போட மனசு வரல. நீயே கொண்டுபோயிடு."

அண்ணன் தின்பண்டம் எதையோ மென்றுகொண்டு, "பழசாயிருக்கும். போட்டது வேலை செய்யாததுக்கு அதுதான் காரணமா இருக்கும். பரண் சூடு வேற. உன் மேல தப்பு இல்ல, நான்தான் கெடுத்துட்டேன்" என்றார். என்னைச் சமாதானப்படுத்தத்தான் சொன்னார். அதை அப்படியே நம்பிக்கொள்ள எனக்கும் ஆசையாகத்தான் இருந்தது.

ஆனால் அந்த ஜீவன் எனக்குத் தெரியும். சாப்பாடு இல்லையென்றால் தன்னைச் சுற்றி ஓடு கட்டிக்கொண்டு கும்பகர்ணனாகத் தூங்கும். வெயில், வறட்சி, பரண் சூடு எதற்கும் அசையாது. அதைத் தெரிந்துகொண்டே, அண்ணனிடம் பார்த்துச் சொல்கிறேன் என்று சொல்லியிருந்ததால், லேப்பில் அந்தப் பொடியில் ஒரு சிட்டிகை எடுத்துத் தண்ணீரில் கரைத்துக் கண்ணாடித் தட்டில் பரப்பினேன். பொடியோடு கொஞ்சம் குங்குமமும் விழுந்தது. மறுநாள் காலையில் மூடியைத் திறந்தபோது தட்டு நிறைய, சுருக்கம் விழுந்த வெள்ளைப் புள்ளிகள். இடம் போதாமல் ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருந்தன. அத்தனையும் உயிரோடு இருந்தது. கார்த்திகையில் குழிகள் திறந்து கிடந்தபோதும், ஆடியில் நான் எதிரில் உட்கார்ந்து விளக்கேற்றியபோதும் அது உயிரோடுதான் இருந்திருக்கிறது. ஸ்டூலில் உட்கார்ந்து அழுதேன்.

அண்ணனிடம் சொல்லாமல் விட்டுவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் மாலையில் அவரே போன் செய்தார்.

"பாத்தியா? செத்துப் போச்சா?"

"இல்லண்ணே. உயிரோடதான் இருக்கு. எல்லாமே இருக்கு."

பின்னால் டிராக்டர் சத்தம் கேட்டது.

"அப்ப நம்ம வீட்டுல நல்லாத்தான் இருந்திருக்கு" என்றார். பிறகு, "நாளைக்குப் பூவன் கன்னு வருது. குழி எடுத்தாச்சு. அந்தப் பையைக் கொண்டுவரியா?" என்றார்.

"பூவனுக்கு இந்த நோய் அவ்வளவா வராதுண்ணே."

"வரதுக்கு முன்னாடி போடணும்னு நீதானே சொன்ன?"

பையின் வாயை மடித்துக் கட்டினேன். அவர் மறுபடி கேட்டார்.

"எப்ப வர?"

"இப்பவே வரேண்ணே" என்றேன்.