மைக்கம்மாவின் தொண்டை

பேருந்து நிலையத்தில் அவளுக்குப் பெயர் மைக்கம்மா. எந்த வண்டி எங்கே நிற்கிறது என்று ஒலிபெருக்கியில் அறிவிக்கிற வேலை. அவள் குரல் கேட்டால் தூங்கி வழிகிறவனும் பையைத் தூக்கிக்கொண்டு ஓடுவான். பக்கத்துப் பணிமனையில் பஸ்ஸுக்கு அடியில் கிடக்கும் மெக்கானிக் புருஷனுக்கோ, அந்தக் குரல் கேட்டால்தான் வேலையே ஓடும்.

கல்யாணமான புதிதிலேயே இருவருக்கும் எச்ஐவி இருப்பது தெரிந்துவிட்டது. அழுது தீர்த்தார்கள், சண்டை போட்டு ஓய்ந்தார்கள், கடைசியில் மாத்திரையோடு சமாதானமானார்கள். அன்றிலிருந்து ராத்திரிச் சாப்பாடு முடிந்ததும் எதிரெதிரே உட்கார்ந்து, டம்ளரோடு டம்ளரை ஒரு இடி இடித்துவிட்டுத்தான் மாத்திரையை விழுங்குவார்கள். முகம் கொடுத்துப் பேசாத நாளிலும் அந்தச் சத்தம் தவறாது. மகள் நோயில்லாமல் பிறந்து கல்லூரிக்கும் போய்விட்டாள்.

அப்படியிருக்க, அவள் குரல் கரகரக்க ஆரம்பித்தது. உடம்பு ஊதியது. வெயிலிலும் குளிர் எடுத்தது. நிலைய மேலாளர் தயங்கித் தயங்கிச் சொன்னார்: "அறிவிப்பு புரியலன்னு புகார் வருதும்மா. பதிவு பண்ண குரலை வெச்சுக்கலாம்னு மேல சொல்றாங்க. சீக்கிரம் தொண்டையைப் பாருங்க."

மாத்திரை கைவிட்டுவிட்டது, பழைய நோய் தலைதூக்குகிறது என்றே முடிவு கட்டினாள். புருஷனிடம் மூச்சுவிடாமல் மருத்துவமனைக்குப் போனாள்.

ரத்தப் பரிசோதனையைப் பார்த்த டாக்டரம்மா, "கிருமி அடங்கித்தான் இருக்கு. இது தைராய்டு. ரொம்ப வருஷமா எச்ஐவி சிகிச்சையில இருக்கறவங்கள்ல சிலருக்கு இப்படி வரும்" என்று தனி மாத்திரை எழுதினார். எப்படிச் சாப்பிட வேண்டும் என்றும் சொன்னார். ஆனால் 'அடங்கித்தான் இருக்கு' என்பதற்குப் பிறகு மைக்கம்மா காதில் எதுவும் ஏறவில்லை. அவ்வளவு சந்தோஷம்.

வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் கொட்டினாள். "முன்னாடியே சொல்றதுக்கென்ன?" என்று கடிந்துகொண்ட புருஷன், புது மாத்திரையையும் ராத்திரிக் கூட்டணியில் சேர்த்துக்கொண்டான். அவளுடைய கால்சியம் மாத்திரை ஏற்கெனவே அதில் உறுப்பினர்.

வாரங்கள் போயின, குரல் வரவில்லை. பதிவுக் குரல் பெட்டி நிலையத்துக்கே வந்து இறங்கிவிட்டது.

"மாத்திரையை எப்ப போடறீங்க?" என்று மறுபடி போனவளிடம் கேட்டார் டாக்டரம்மா.

"ராத்திரி சாப்பிட்டதும், எல்லாத்தையும் ஒண்ணா. ஒரு நாள் தவறினதில்ல டாக்டர்!" என்றாள் பெருமையாக.

டாக்டரம்மா தலையில் கை வைத்தார். "வயிறு முட்டச் சாப்பாடு, கூடவே கால்சியம். அப்புறம் இது எப்படிம்மா உடம்புல சேரும்? காலையில வெறும் வயித்துல, தண்ணியில தனியா போடுங்க. டீ கூட அப்புறம்தான். கால்சியமும் மத்ததும் ராத்திரியே இருக்கட்டும்."

'தனியா' என்றதுதான் அவளுக்குச் சுருக்கென்றது.

மறுநாள் காலை மாத்திரையும் கையுமாகச் சமையலறையில் நின்றாள். இடியே விழுந்தாலும் எழுந்திருக்காத மனுஷன், கண்ணைக் கசக்கிக்கொண்டு டம்ளரோடு வந்து நின்றான்.

"உங்களுக்குத்தான் இப்ப மாத்திரை இல்லையே?"

"தண்ணி குடிக்கவும் டாக்டர் சீட்டு வேணுமா?" என்று டம்ளரை இடித்தான். அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது.

மேலாளரிடம் கெஞ்சிக் கொஞ்சம் அவகாசம் வாங்கினாள். குரல் மெல்ல மெல்லத்தான் திரும்பியது. கெடு முடிகிற அன்று மேலாளர் பக்கத்தில் நிற்க, மைக்கைப் பிடித்து முதல் வண்டியை அறிவித்தாள். கணீரென்று வந்தது. உட்கார்ந்திருந்தவர்களெல்லாம் பையைத் தூக்கினார்கள்.

பணிமனையிலிருந்து ஒரு ஹாரன் நீளமாக அலறியது. நிற்கிற வழியாக இல்லை. யார் கை என்று அவளுக்கா தெரியாது?

மைக்கை மறுபடி அழுத்தினாள்.

"பணிமனை ஊழியர்கள் தேவையில்லாமல் ஹாரன் அடிக்க வேண்டாம் என்று அன்புடன் கேட்டுக்கொள்கிறோம்."