தெலுங்கு மெம்பருக்குச் சொன்ன மொழிபெயர்ப்பு

வருஷத்துக்கு ஒரு தடவை, நான் உயிரோடு இருக்கிறேன் என்பதைக் கருவூலத்துக்குப் போய் நிரூபிக்க வேண்டும். ஓய்வூதியம் வாங்குகிற எல்லோருக்கும் உள்ள சடங்குதான். போன தடவை ஜன்னலுக்குப் பின்னால் இருந்த எழுத்தர் என் முகத்தையும் புத்தகத்தில் ஒட்டியிருந்த படத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "நீங்கதானாம்மா?" என்று கேட்டார். வேறு யார் எனக்காக இந்த வெயிலில் வந்து வரிசையில் நிற்பார்கள் என்று கேட்க வாய்வரை வந்தது. கேட்கவில்லை. அவர் சந்தேகப்பட்டதில் எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. சந்தேகப்படுகிற சர்க்காரை இருபத்திரண்டு வயதிலேயே ஒரு மேசை அகலத்தில் உட்கார்ந்து பார்த்தவள் நான். சர்க்காருக்கு ஒரு முகம் உண்டென்றால், எனக்கு அது தெலுங்கு மெம்பரின் முகம்தான்.

சுதந்திரம் வந்து அதிக நாள் ஆகவில்லை. ஆந்திரமும் மலபாரும் தென் கன்னடமும் சென்னை மாகாணத்தோடு ஒன்றாகக் கிடந்த காலம். கடலில் வேலை செய்து இறந்துபோனவர்களின் விதவைகளுக்கு மாதாமாதம் அரிசியும் சிறிது உதவித்தொகையும் கொடுக்கலாமா, கொடுப்பதென்றால் யாருக்கு, எந்த அளவுக்கு என்று விசாரிக்கச் சட்டசபை ஒரு கமிட்டி போட்டது. அதிலிருந்து மூன்று பேர் தூத்துக்குடிக்கு வந்தார்கள். தலைவர் மலபார்க்காரர். இன்னொருவர் மங்களூர்ப் பக்கம். சாப்பாட்டுக்குப் பிறகு கண்ணைத் திறந்துகொண்டே தூங்கக் கூடியவர். மூன்றாமவர் கோதாவரிப் பக்கத்து வக்கீல். அவரைத்தான் ஊரில் எல்லோரும் தெலுங்கு மெம்பர் என்றார்கள். தமிழ் மெம்பர் ஒருவரும் வர வேண்டியது. காய்ச்சல் என்று திருநெல்வேலியிலேயே தங்கிவிட்டார். அந்தக் காய்ச்சலை நான் இன்றுவரை நம்பவில்லை.

வந்த மூவருக்கும் தமிழ் தெரியாது என்று சொன்னதால் மொழிபெயர்க்க ஆள் தேடினார்கள். நான் அப்போது அங்கே கன்னியர் நடத்திய பெண்கள் பள்ளியில் ஆசிரியை. ஊர் ஏரல், கடலை விட்டு உள்ளே தள்ளிய ஆற்றங்கரை ஊர். தூத்துக்குடிக்கு வந்து இரண்டு வருஷம்தான் ஆகியிருந்தது. தலைமை மதர் என்னைக் கூப்பிட்டு, உன் ஆங்கிலம்தான் சுத்தமாக இருக்கிறது, நீ போ என்றார். என் ஆங்கிலத்துக்காகவா, மறுத்துப் பேசாத புது ஆள் என்பதற்காகவா என்று எனக்குச் சந்தேகம் இருந்தது. ஆனாலும் உச்சி குளிர்ந்துதான் போனேன். இருந்ததிலேயே நல்ல புடவையைக் கட்டிக்கொண்டு முனிசிபல் ஆபீஸ் மாடிக்குப் போனேன்.

தெலுங்கு மெம்பர் ஒல்லியான மனிதர். கதர் ஜிப்பா, காதில் செருகிய பென்சில். தாசில்தார் முதல் நாள் காலையில் எல்லோருக்கும் இளநீர் வெட்டி வைத்தபோது, இது யார் வீட்டுத் தோப்பு இளநீர் என்று கேட்டார். தாசில்தார் அசட்டுச் சிரிப்புச் சிரித்தார். மெம்பர் அதைத் தொடாமல் கூஜாத் தண்ணீரைக் குடித்தார். சாட்சி சொல்ல வந்த ஒவ்வொருவரிடமும் கடைசியில் அவர் கேட்பது ஒரே கேள்வி: அது உமக்கு எப்படித் தெரியும்? பங்குச் சாமியாரையும் அப்படித்தான் கேட்டார். துறைமுகத்து மேஸ்திரியையும் அப்படித்தான் கேட்டார். கேட்டுவிட்டுப் பதில் சொல்பவரை விட்டு என் முகத்தைப் பார்ப்பார். நான் சொல்வதில் ஏதோ கலப்படம் இருக்கிறது என்று அவர் நினைப்பதாக எனக்குப் பட்டது. அதனாலேயே ஒரு சொல் கூட்டாமல், ஒரு சொல் குறைக்காமல் மொழிபெயர்த்தேன். அந்தக் கர்வத்தில்தான் கோட்டை விட்டேன்.

விசாரணையின் முடிச்சு ஒன்றே ஒன்றுதான். இறந்ததற்குக் கிராம முனிசீப்பிடம் சான்று வாங்கி வந்தால்தான் உதவி என்று நிபந்தனை வைக்க வேண்டும் என்பது தலைவரின் கட்சி. கடலில் போன ஆளின் உடல் கிடைக்காவிட்டால் முனிசீப் எப்படிச் சான்று கொடுப்பார்? சட்டப்படி ஏழு வருஷம் காத்திருக்க வேண்டும். அந்த ஏழு வருஷம் பிள்ளைகள் எதைத் தின்னும் என்று கடலோரத்துப் புன்னைக்காயலின் பங்குச் சாமியார் ஒரு மனு எழுதி, உடல் கிடைக்காதவர்களின் மனைவிகள் பெயரையெல்லாம் அதில் சேர்த்திருந்தார். தாசில்தார் விடவில்லை. சான்று வேண்டாம் என்று சொன்னால், கொழும்புக்குப் போய் அங்கே இன்னொரு குடும்பம் வைத்துக்கொண்டவனெல்லாம் இங்கே செத்தவன் ஆகிவிடுவான் என்றார். ரேஷன் கார்டிலேயே இல்லாத ஆளைச் சேர்த்து அரிசி வாங்குகிற காலம். அவர் சொன்னதைச் சும்மா தள்ளிவிடவும் முடியவில்லை. தெலுங்கு மெம்பர் பென்சிலை எடுத்து ஏதோ குறித்துக்கொண்டார். இவர்தான் எல்லாவற்றையும் வெட்டப் போகிறவர் என்று நான் முடிவு கட்டிவிட்டேன்.

மனுவில் முதல் பெயருக்கு உரியவளை மத்தியானம் கூப்பிட்டார்கள். முப்பது வயது இருக்கும். கணவர் சங்கு குளிக்கிறவர். வீட்டில் மாமியாரும் இரண்டு பெண்பிள்ளைகளும். உப்பளத்தில் கூலிக்குப் போய் அவர்களைக் காப்பாற்றிக்கொண்டிருந்தாள். உப்பளத்தில் மழைக்காலத்தில் வேலை கிடையாது. சர்க்கார் அரிசி வந்தால் அந்த மாதங்களில் அடுப்பு எரியும், இல்லாவிட்டால் மூத்த பெண்ணை ஏதாவது வீட்டில் வேலைக்கு விட வேண்டும். இவ்வளவும் சாமியார் மனுவில் எழுதியிருந்தார்.

உன் கணவர் எங்கே என்று தலைவர் கேட்டார். நான் தமிழில் கேட்டேன்.

"அவிய கடல்ல இருக்காவ" என்றாள்.

கணவர் கடலில் வேலையாக இருக்கிறார் என்று நான் ஆங்கிலத்தில் சொன்னேன். எங்கள் ஏரலில் அதற்கு வேறு அர்த்தம் கிடையாது. அறையில் எல்லோரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். மங்களூர்க்காரர்கூட விழித்துவிட்டார். எப்போது திரும்பி வருவார் என்று கேட்டார்கள். அதை மாதாவிடம்தான் கேட்க வேண்டும் என்றாள். அதையும் அப்படியே சொன்னேன், தலைவர் சிரித்தார். தெலுங்கு மெம்பர் சிரிக்கவில்லை. கழுத்தில் தாலி இருக்கிறதே என்றார். அவர் கட்டியதை நான் எப்படிக் கழற்றுவது என்று அவள் கேட்டாள். அதற்குப் பிறகு யாரும் அவளை எதுவும் கேட்கவில்லை. முதல் பெயரே இப்படி என்றால் மனு முழுவதையும் என்னவென்று எடுத்துக்கொள்வது என்றார் தலைவர். தாசில்தார் மேசைமேல் இருந்த காகிதங்களை அழகாக அடுக்கினார்.

எனக்கு அவள்மேல் கோபம்தான் வந்தது. புருஷனை உயிரோடு வைத்துக்கொண்டு விதவைக்கான உதவி கேட்டு வந்திருக்கிறாளே, சாமியார் பெயரையும் கெடுத்துவிட்டாளே என்று நினைத்தேன். சாயங்காலம் நான் தங்கியிருந்த பள்ளி விடுதியில் காப்பி குடிக்கும்போது சமையல்காரம்மாவிடம் இதைச் சொல்லிப் புலம்பினேன். அந்த அம்மாவுக்கும் புன்னைக்காயல்தான். உங்கள் ஊர்க்காரி செய்த காரியத்தைப் பார்த்தீர்களா என்று ஆரம்பித்து, அவள் சொன்னதை அவள் சொன்ன மாதிரியே சொல்லிக் காட்டினேன். சமையல்காரம்மா கரண்டியைக் கீழே வைத்தார். அதுவரை என்னை டீச்சரம்மா என்று மட்டுமே கூப்பிட்டவர்.

"ஏளா, என்ன காரியம் செஞ்சிட்டு வந்திருக்க? உடம்பு கரைக்கு வராதவியள எங்க ஊர்ல செத்துட்டாவன்னு சொல்ல மாட்டோம். கடல்ல இருக்காவன்னுதான் சொல்லுவோம். செத்துட்டாவன்னு சொன்னா அது அவிய காதுல விழுந்திரும். பொறவு உடம்பு கரைக்கு வரவே வராது."

வேலைக்குப் போன ஆளை என்ன சொல்வீர்கள் என்று கேட்டேன். தொழிலுக்குப் போயிருக்காவ என்போம், கடலில் இருக்கிறார் என்று சொல்லவே மாட்டோம் என்றார். அந்தப் பெண்ணின் கணவர் இரண்டு வருஷத்துக்கு முன்னால் சங்குக்கு முங்கியவர். உடன் போனவர்கள் இழுத்தபோது கயிறு மட்டும் வந்தது. மாதா கோயிலில் துக்கமணி அடிக்க மாமியார் இன்னும் விடவில்லை. ஏரலுக்கும் புன்னைக்காயலுக்கும் ஒரே ஆற்றுத் தண்ணீர்தான், நடந்தே போய்விடலாம். அந்த நடை தூரத்தில் ஒரு சொல் இப்படித் திரும்பிப்போகும் என்று எனக்குத் தெரியாமல் போயிற்று. என்னால் ஒரு குடும்பத்தின் அரிசி போகிறது, அவளை நம்பி வரிசையில் நிற்கிற மற்றவர்களுடையதும் போகிறது. தாசில்தாரையும் மதரையும் அவ்வளவு சந்தேகப்பட்டேனே, என் வாயை ஒரு கணமாவது சந்தேகப்பட்டேனா?

மறுநாள் காலை சமையல்காரம்மா அந்தப் பெண்ணை அழைத்துவந்தார். கமிட்டி மறுபடி கூப்பிடலாம் என்று கோயில் பக்கத்தில் சொந்தக்காரர் வீட்டில் தங்கியிருந்தாள். மூன்று பேருமாகச் சர்க்கார் பங்களாவுக்குப் போனோம். தலைவரைப் பார்க்கத்தான் போனோம். ஆனால் கடலைப் பார்த்த வராந்தாவில் தெலுங்கு மெம்பர்தான் தனியாக உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். என் அதிர்ஷ்டத்தை நொந்துகொண்டே விஷயத்தைச் சொன்னேன்.

நேற்று மாலையிலிருந்து உங்களை யார் யார் வந்து பார்த்தார்கள் என்பதுதான் அவருடைய முதல் கேள்வி. யாரும் இல்லை என்றேன். சாமியார் ஆள் அனுப்பினாரா? இல்லை. அப்படியானால் நேற்று ஒன்று சொல்லி இன்று ஒன்று சொல்கிறீர்களே, இன்று சொல்வது சரி என்று உங்களுக்கு எப்படித் தெரியும்? எனக்குத் தெரியாது, நான் ஏரல்காரி, நேற்றுத் தெரிந்தமாதிரிப் பேசியதுதான் தப்பு என்றேன். அவர் பேப்பரை மடித்து வைத்துவிட்டுப் பென்சிலை எடுத்தார்.

உன் பக்கத்து வீட்டுக்காரர் இப்போது எங்கே என்று அவளிடம் கேட்கச் சொன்னார். "தொழிலுக்குப் போயிருக்காவ" என்றாள். உன் கணவர் எங்கே? "கடல்ல இருக்காவ." இன்னும் நாலைந்து பேரைப் பற்றி, முன்னும் பின்னுமாக மாற்றி மாற்றிக் கேட்டார். அவள் ஒரு இடத்திலும் மாற்றிச் சொல்லவில்லை. சமையல்காரம்மா வாய் திறந்தபோது, நீங்கள் பேசக் கூடாது என்று கையால் அடக்கிவிட்டார். பிறகு வெகுநேரம் எழுதினார்.

எழுதி முடித்து என்னிடம் சொன்னார். சான்றுக்குப் பதிலாக மனைவியின் உறுதிமொழியும், கூடப் போன இரண்டு பேரின் உறுதிமொழியும் போதும் என்று தான் கமிட்டியில் வாதாடிப் பார்க்கலாம். ஆனால் உறுதிமொழியில் கணவர் இறந்துவிட்டார் என்று மனைவி சொல்லியிருக்க வேண்டும். கடலில் இருக்கிறார் என்று எழுதினால் சென்னையில் நூறு பேர் உங்களைப் போலவே அர்த்தம் செய்வார்கள். இந்தப் பெண் இப்போது என் முன்னால் அந்த வார்த்தையைச் சொல்லட்டும். இவளுடையதே முதல் உறுதிமொழியாக இருக்கும். சொல்லாவிட்டால் எழுத என்னிடம் ஒன்றும் இல்லை.

அவளுக்கு அதைச் சொன்னேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை. அவள் கடலைப் பார்த்தாள், சமையல்காரம்மாவைப் பார்த்தாள். பிள்ளைகளை நினைத்துச் சொல்லிவிடு என்று நான் கெஞ்சினேன். அவள் என் காதுக்குப் பக்கத்தில் வந்து, ஆனால் நன்றாகக் கேட்கும்படியே பேசினாள்.

"நான் சொல்ல மாட்டேன், டீச்சரம்மா. என் வாயால அது வராது. நீங்க இங்கிலீஷ்ல சொல்லிருங்க. அவிய காதுல விழுந்தாலும் அவியளுக்கு இங்கிலீஷ் தெரியாது."

நான் மெம்பர் பக்கம் திரும்பி, என் கணவர் இறந்துவிட்டார் என்று அவளாக நின்று ஆங்கிலத்தில் சொன்னேன்.

அவர் என்னைப் பார்த்தார். அவள் இதைத்தான் சொன்னாளா என்று கேட்டார். ஆமாம் என்றேன். நிறையப் பேசினாளே, நீங்கள் சுருக்கமாக முடித்துவிட்டீர்களே என்றார். தமிழ் அப்படித்தான் ஐயா என்றேன். அவ்வளவு பெரிய பொய்யை அதற்கு முன்னும் சொன்னதில்லை, பின்னும் சொன்னதில்லை. அது உங்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்கப் போகிறார் என்று காத்திருந்தேன். கேட்கவில்லை. எழுதினார். அவளிடம் கைநாட்டு வாங்கினார். நாங்கள் படியிறங்கும்போது பின்னாலிருந்து, "மெதுவா இறங்குங்கம்மா, பாசி வழுக்கும்" என்று தமிழில் சொன்னார். தெலுங்கு வாடை அடித்தது. ஆனால் தெளிவான தமிழ்.

இரண்டு நாளும் அவருக்கு எவ்வளவு தமிழ் புரிந்தது என்ற சந்தேகம் எனக்கு இன்னும் தீரவில்லை. அந்த ஒரு வாக்கியத்தை யாரிடமாவது கற்றுவைத்திருக்கலாம். காதருகில் அவள் சொன்னதும் புரிந்தே எழுதினாரோ என்றும் தோன்றும். புரிந்துதான் எழுதினார் என்று நினைத்துக்கொள்ள எனக்குப் பிடித்திருக்கிறது. அதற்குப் பிறகு அவரை நான் பார்க்கவில்லை.

கமிட்டியில் பெரிய சண்டை நடந்ததாகச் சொன்னார்கள். கடைசியில் உறுதிமொழி போதும் என்று ஆயிற்று. கூடவே ஒரு நிபந்தனையும் வந்தது: மாதாமாதம் உதவி வாங்க வருகிற பெண்ணுக்கு, ஆங்கிலத்தில் அச்சடித்த பாரத்தைக் குமாஸ்தா தமிழில் வாசித்துக் காட்டிவிட்டுத்தான் கைநாட்டு வாங்க வேண்டும். ஏமாற்று நடக்காமல் இருக்கத் தெலுங்கு மெம்பர் சேர்த்த நிபந்தனை என்று கேள்விப்பட்டேன்.

முதல் மாதம் அவளோடு நானும் தாலுகா ஆபீஸுக்குப் போயிருந்தேன். குமாஸ்தா பாரத்தை எடுத்து, காலஞ்சென்ற இன்னாரின் மனைவி என்று ஆரம்பிக்க வாயைத் திறந்தார். அவள் மேசைமேல் கையை வைத்து மறித்தாள்.

"இங்கிலீஷ்லயே வாசிங்க அண்ணாச்சி."

உனக்குப் புரியாதே என்றார் அவர். பரவாயில்லை, வாசியுங்கள் என்றாள். அவர் தட்டுத்தடுமாறி வாசித்து முடிக்கும்வரை கழுத்தில் தாலியோடு அசையாமல் நின்றாள். பிறகு கட்டைவிரலை மையில் வைத்தாள்.