ஐந்திலிருந்து நாலரைக்கு

எங்கள் மெல்லிசைக் குழுவில் நிலையாக இருந்தது மூன்று பேர்தான். பாடுவதற்குத் தையல்கார பாய். ஆர்மோனியத்துக்குத் தாலுகா ஆபீஸ் குமாஸ்தா ஒருவர். மவுத் ஆர்கன் நான். ஆறாவதோடு பள்ளியை விட்டவன், தருமபுரியில் ஒரு புளி மண்டியில் மூட்டை தைத்துக்கொண்டிருந்தேன். சாக்குத் தூசி நெஞ்சில் இறங்கி ஒருநாள் ஊத முடியாமல் போய்விடும் என்று பயம். நான் பயப்படாத விஷயம் என்று அப்போது எதுவும் இல்லை.

சுருதியின் உயரத்தைக் கட்டை என்று சொல்லுவோம். ஆர்மோனியக்காரர் எந்தக் கட்டைக்கும் மாறிக்கொள்ளலாம். மவுத் ஆர்கன் வாங்கினபடிதான் இருக்கும். என்னிடம் இருந்தது ஒன்றே ஒன்று. ஒரு பாட்டு எந்தக் கட்டை என்று கண்டுபிடிக்க டீக்கடை ரேடியோவுக்குக் கீழே நின்று நானாகவே பழகினேன். பாட்டு தொடங்கும் இடத்தை நம்பினால் ஏமாந்துபோவோம். அடி முடிந்து எங்கே போய் உட்காருகிறது என்று கேட்க வேண்டும். அந்தச் சுரத்தை மெல்லப் பிடித்துக்கொண்டே இருந்தால் பாட்டு முழுக்க அது எதோடும் சண்டை போடாது. பாய் பாடுவது ஐந்து கட்டை. அதற்கு என் மவுத் ஆர்கனில் இரண்டாவது துளையை உறிஞ்ச வேண்டும். காற்றை உள்ளே இழுக்கும்போது சுரம் கொஞ்சம் வளைந்து அழும். சோகப் பாட்டென்றால் ஜனங்கள் பேச்சை நிறுத்திவிடுவார்கள்.

வெள்ளிக்கிழமை சாயங்காலத் தொழுகை முடிந்து வந்து, பாய் தன் கடைக்குள்ளேயே ஒத்திகை வைப்பார். மண்டியில் புளி வரத்து அதிகமாகி ஒரு மாதம் நான் போகவில்லை. திரும்பிப் போன வெள்ளிக்கிழமை என் இரண்டாவது துளை பாட்டோடு ஒட்டவே இல்லை.

"ஒன் பீப்பீ செத்துப்போச்சிப்பா, எடுத்துப் பொதைச்சிடு" என்றார் பாய். "என்னப் பாரு. வயசு நாப்பத்தாறு. அதே அஞ்சி கட்டை."

நானும் அப்படித்தான் நினைத்தேன். எச்சில் படிந்து உள்ளே தகடு கெட்டுவிட்டது, இனி என்னைக் குழுவில் வைத்துக்கொள்ள மாட்டார்கள் என்று இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை குமாஸ்தா வீட்டுக்குப் போய், ஆர்மோனியத்தில் ஐந்தை அழுத்தச் சொல்லி வாசித்துப் பார்த்தேன். முடியளவும் பிசகவில்லை.

"அப்ப பாயிதான் எறங்கிட்டாருங்களா அண்ணே?"

அவர் துருத்தியை மூடினார். "நாலரைக்கு வந்து ஒரு மாசமாச்சி. நாந்தான் பக்கத்துக் கறுப்புக் கட்டைக்கு மாத்தி வாசிக்கறேன். வாயத் தொறக்காத. பொண்ணுக்கு நிக்கா வெச்சிருக்காரு. ஒடஞ்சி போயிடுவாரு மனுசன்."

"தொண்டையில எதாச்சும் இருக்குமோங்க?"

"ஒனக்கு எதப் பாத்தாலும் சாவுதான். பீடியக் கம்மி பண்ணா சரியாப் போயிடும்."

சரியாகப் போகவில்லை. நிக்கா நல்லபடியாக முடிந்தது. நாலரை நாலானது, நாலு மூன்றானது. பாடுகிறவர் குரல் இருக்கும் இடத்துக்குச் சுருதியைக் கொண்டுபோய் வைப்பதுதான் பக்கவாத்தியக்காரன் மரியாதை என்று எங்களுக்குள் ஒரு வழக்கம். அந்த மரியாதையில் பாய்க்குத் தன் குரல் இறங்கியதே தெரியாமல் போயிற்று. இருமினார். துணித் தூசி என்றார். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் சொல்லிவிட நினைப்பேன். சொன்னால் விலக்கிவிடுவார்களோ என்று ஒரு பயம். சொல்லாமல் விட்டு ஏதாவது ஆகிவிட்டால் என்று இன்னொரு பயம். முதல் பயம்தான் ஒவ்வொரு தடவையும் ஜெயித்தது. பல பாட்டுகளுக்கு மவுத் ஆர்கனை உதட்டில் வைத்துக்கொண்டு ஊதாமலே இருந்தேன்.

நல்லம்பள்ளிப் பக்கம் ஒரு பகல் கல்யாணம். குமாஸ்தாவுக்கு லீவு கிடைக்கவில்லை. பாய் என் பக்கம் திரும்பி, "அஞ்சி குடுப்பா" என்றார்.

மூன்றை ஊதியிருக்கலாம். அவர் பாடி முடித்துப் பந்திக்குப் போயிருப்பார். நான் செய்ததைத் துணிச்சல் என்று யாராவது சொன்னால் அது பொய். கூட்டத்தைப் பார்த்த பதற்றத்தில், கேட்டதைக் கொடுத்துவிட்டேன். இரண்டாவது துளை. உறிஞ்சினேன்.

முதல் அடியின் பாதியிலேயே குரல் கிழிந்தது. மறுபடி முயன்றார். காற்றுதான் வந்தது. "பாட்டுக்காரருக்கு ஒரு சோடா ஒடைங்கப்பா" என்று எவனோ சொல்ல, பந்தலே சிரித்தது. பாய் மைக்கைக் கையால் பொத்தினார்.

"இது அஞ்சிதானா?"

"அஞ்சிதாங்க பாய்."

"அப்ப இத்தினி நாளு என்னாத்தக் குடுத்தீங்க?"

நான் மவுத் ஆர்கனைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

சேலத்தில் பார்த்த டாக்டர், ஏன் இவ்வளவு தாமதம் என்று கேட்டாராம். குரல்வளையை எடுத்துவிட்டார்கள். கழுத்தில் ஒரு ஓட்டை, அதன் வழியாக மூச்சு. ஊருக்கு அழைத்து வந்த பிறகு பார்க்கப் போனேன். அவர் மனைவி டீயை வைத்துவிட்டு உள்ளே போனார். பாய் ஒரு கறுப்புத் துணியை மடியில் விரித்து, துணியில் குறி போடும் சாக்கட்டியால் எழுதினார். எழுத்துக்கூட்டிப் படிக்க எனக்கு நேரம் பிடித்தது. உனக்கு எப்போது தெரியும் என்று கேட்டிருந்தார்.

ஏழு மாதம். யோசிக்கவே வேண்டியதில்லை.

"ரெண்டு மாசமாத்தாங்க பாய்" என்றேன்.

என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு துணியை உதறினார். வெள்ளைத் தூள் என் டீயில் விழுந்தது. அதைக் கடைசிச் சொட்டுவரை குடித்துவிட்டுத்தான் எழுந்தேன்.