பென்சிலில் எழுதிய பாம்பு

ஊரில் பாதிப் பேரின் பார்வைக்குத் தீர்ப்புச் சொல்பவர் அவர். மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில் ஆளை உட்காரவைத்து, "இது தெளிவா, அது தெளிவா?" என்று இருபது வருடமாகக் கேட்டு வருகிறார். அவர் சொன்னால் அதற்கு அப்பீல் கிடையாது. அப்பேர்ப்பட்டவர் தம் கண்ணால் கண்ட ஒரே ஒரு பாம்பை மட்டும் உலகம் நம்ப மறுத்தது.

ஞாயிறுதோறும் விடியலில் சதுப்பு நிலத்துக்குப் போய், பாம்பையும் தவளையையும் பார்த்துக் குறித்துவரும் குழு ஒன்றில் அவர் உறுப்பினர். தலைவி, விலங்கியல் டீச்சர். அவருடைய சட்டம் எளிது: ஓர் உயிரை ஒரே நேரத்தில் இருவர் பார்த்தால் நோட்டில் பேனா, ஒருவர் மட்டும் பார்த்தால் பென்சில். ஆறு வருடத்துக்கு முன், கரும்பச்சை முதுகும் விலாவில் செம்மண் நிறக் கோடுமாக ஒரு நீர்ப்பாம்பு கண்ணாடிக்காரரைத் தனியாகச் சந்தித்தது. இன்றுவரை அது பென்சில்தான். அவருக்கும் அதுவே பெயராகிவிட்டது.

"என்ன பென்சில், இன்னைக்காவது வருமா?"

"வரும் டீச்சர். சாட்சியோட வந்திருக்கேன்."

சாட்சி, அவருடைய மனைவி. இரண்டு அளவு பெரிய இரவல் ரப்பர் பூட்ஸில் நின்றிருந்தாள். "இன்னைக்குக் காட்டலைன்னா இனிமே ஞாயித்துக்கிழமை வீட்டோட இருங்க. ஆறு வருஷமா ஒரு பாம்பு எனக்குச் சக்களத்தியா இருக்கு" என்று வீட்டிலேயே சொல்லித்தான் கிளம்பியிருந்தாள்.

எழுந்துபோக மனமில்லாத விருந்தாளியைப் போல மூடுபனி தண்ணீர்மேல் உட்கார்ந்திருந்தது. எது நீர், எது வானம் என்று தெரியவில்லை. எங்கோ ஒரு தவளை ஆரம்பிக்க, நூறு தவளைகள் ஆமோதித்தன. பிறகு அதிகாரி வந்துவிட்டாற்போல மொத்தமும் அடங்கிற்று. கோரைத்தாளில் கட்டைவிரல் அளவில் ஒரு பச்சைத் தவளை, கண்மூடி, தொண்டை மட்டும் துடிக்க இருந்தது.

"ஏங்க, அது தூங்குதா, யோசிக்குதா?" அவள் குரல் தானாகத் தாழ்ந்திருந்தது.

"அதுக்கு ரெண்டும் ஒண்ணுதான்."

"அப்ப உங்க சொந்தம்தான்."

கண்ணாடியில் பனி படிந்தது. வாடிக்கையாளர்களுக்குப் போதிக்கும் முறைப்படியே அதைக் கழற்றி, ஊதி, மெல்லிய துணியால் வட்டவட்டமாகத் துடைத்தார். அவருடைய முழங்கையை அவள் இறுகப் பிடித்தாள். அவர் அவசரமாக மாட்டிப் பார்த்தபோது, தண்ணீரில் கடைசி வளையம் கரைந்துகொண்டிருந்தது.

"செம்மண் கோடுங்க! தலையைத் தூக்கி என்னையே பார்த்துச்சு. தாடைக்குக் கீழே வெள்ளையா ஒரு புள்ளி."

அந்தப் புள்ளியை அவர் யாரிடமும் சொன்னதில்லை.

டீச்சர் பேனாவைத் திறந்தார். "நீங்களும் பார்த்தீங்களா, பென்சில்?"

ஒரு 'ஆமாம்' போதும். ஆறு வருடம் மையாகிவிடும்.

"இல்லை டீச்சர். கண்ணாடி துடைச்சிட்டிருந்தேன்."

டீச்சர் பேனாவை மூடிப் பென்சிலை எடுத்தார்.

"அப்ப நான் பொய் சொல்றேனா?" என்று மனைவி கொதித்தாள். அவர் பணிவாகச் சேற்றைப் பார்த்துக்கொண்டார்.

வீடு திரும்பி, வாசலில் பூட்ஸைக் கழற்றும்போது அவள் சொன்னாள்.

"அடுத்த வாரம் அரைமணி முன்னாடியே கிளம்பணும். கண்ணாடியை வீட்டிலேயே துடைச்சுட்டு வாங்க."