குச்சி நட்ட இடம்

தோல் பதனிடும் டேனரிகளின் கழிவில் வரும் குரோமியம் மண்ணில் எங்கே அதிகம், எங்கே குறைவு என்று வரைபடம் போடுவதுதான் என் ஆராய்ச்சி. இரண்டாயிரத்தின் தொடக்க வருடங்கள். ஆம்பூருக்குப் பக்கத்தில் பாலாற்றங்கரை நிலங்களைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, கட்டத்துக்கு ஒரு குச்சி நட்டு, அதில் சிவப்புத் துணி கட்டினேன். அடுத்த வாரம் வந்து குச்சியடியில் மண் எடுப்பதாகத் திட்டம். முன்கூட்டியே குச்சி நட்டது என் கெட்டிக்காரத்தனம். அலைச்சல் மிச்சம் என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரு குச்சி, கணவரை இழந்து தனியாக விவசாயம் பார்த்துக்கொண்டிருந்த ஓர் அக்காவின் தென்னந்தோப்புக்குள் வந்தது. "இன்னாத்துக்கு டீச்சர் இது?" என்று கேட்டார். நான் டீச்சர் இல்லை. கையில் நோட்டு இருந்தால் அங்கே டீச்சர்தான். "மண் பரிசோதனைக்கு" என்றேன். டேனரித் தண்ணீர், விஷம் என்றெல்லாம் விளக்கப் பொறுமை இல்லை. வெயில் வேறு.

அடுத்த வாரம் போனபோது அந்தக் குச்சியடியில் மண் கறுப்பாக, மெத்தென்று இருந்தது. சுற்றிலும் உப்புப் பூத்து வெளுத்துக் கிடந்த நிலத்தில் இது மட்டும் ஏன் இப்படி என்று ஒரு நிமிடம் உறுத்தியது. கேட்கவில்லை. பையில் அள்ளிக் கட்டி, எண் எழுதிவிட்டுக் கிளம்பினேன்.

கம்ப்யூட்டர் போடும் கணக்கு புரியாத வித்தை ஒன்றும் இல்லை. மண் எடுக்காத இடத்துக்கு, சுற்றி எடுத்த இடங்களின் அளவை வைத்து ஊகிக்கும். கிட்டே இருக்கும் புள்ளியின் பேச்சுக்குத்தான் மரியாதை ஜாஸ்தி. கெட்டது சிவப்பு, நல்லது பச்சை. படம் முழுக்கச் சிவப்பு. அக்காவின் தோப்பில் மட்டும் ஒரு பச்சைத் தீவு. "இது மட்டும் எப்படி?" என்றார் என் பேராசிரியர். "மண் இடத்துக்கு இடம் மாறும் சார்" என்று பாடப்புத்தகம் மாதிரி ஒப்பித்தேன். உண்மையைச் சொன்னால், அந்தப் பச்சை படத்துக்கு அழகாக இருந்தது.

படத்தை வாங்கிப்போன அதிகாரிகள் அதை வைத்தே நிவாரணப் பட்டியல் தயாரித்தார்கள். அக்காவின் பெயர் அதில் இல்லை. கேள்விப்பட்டதும் ஓடினேன்.

தோப்பில் காய்கள் சூம்பித் தொங்கின. குச்சி இருந்த இடத்தில் மட்டும் கீரை தளதளவென்று நின்றது.

"அக்கா, இங்க வேற மண்ணு ஏதாச்சும் போட்டீங்களா?"

"ஆமா, ஏரி மண்ணு. ரெண்டு வண்டி. பரிசோதனைன்னு சொன்னீங்களே? என் மண்ணு மோசம்னு வந்துட்டா மானக்கேடு இல்லியா? அவரு போனதும் இவ நெலத்தக் கெடுத்துட்டான்னு ஊரே பேசும்."

அன்றைக்கு ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும். வெட்கத்தோடு பட்டியல் விஷயத்தைச் சொன்னேன். கெட்ட நிலத்துக்குத்தான் நிவாரணம் என்பதே அவருக்கு அப்போதுதான் தெரிந்தது. அந்தக் கீரையைத் திரும்பிப் பார்த்தார்.

"அப்ப கெட்டுப் போச்சுன்னே எழுதிக் குடுங்க டீச்சர். நான் ஒண்ணும் நெனச்சிக்க மாட்டேன்."

ஏரி மண்ணைத் தள்ளிவிட்டு அடியிலிருந்து மண் எடுத்துச் சோதித்தேன். அக்கம்பக்கத்து நிலங்களைப் போலவே, படத்தில் சிவப்பு போடும் அளவு. அதிகாரிகளுக்கு எழுதிக் கொடுத்தேன். பட்டியல் முடிந்துவிட்டது என்று பதில் வந்தது.

எங்கள் துறைச் சுவரில் இன்னும் அந்தப் பழைய படம்தான் தொங்குகிறது. அதில் அவர் நிலம் நன்றாகத்தான் இருக்கிறது.